வீடு நிறையச் சரக்கு. கையில் காசு இல்லை!

மந்த காலம் வருமுன் ஆன்லைன் வியாபாரிகள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

அது ஒரு பொம்மை நாய். காலுறையில் செய்த நாய். உள்ளே கையை விட்டு ஆட்டினால் வாயைத் திறந்து பேசும்.

1999-ம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் இந்த நாயைத் தெரியாதவர்கள் குறைவு. டெலிவிஷனைத் திறந்தால் நாய் வரும். பாட்டுப் பாடும். கேலி பேசும். குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

"பெட்ஸ்.காம்" என்ற கம்பெனியின் விளம்பர நாய் அது. வீட்டில் வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும் வேண்டிய தீனியை இன்டர்நெட் மூலம் விற்ற கம்பெனி. 2000-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கம்பெனி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. 8 கோடி டாலருக்கு மேல் பணம் வந்து குவிந்தது.

அதே ஆண்டு நவம்பர் மாதம் கம்பெனி மூடப்பட்டது!

ஒன்பதே மாதம். 8 கோடி டாலர் எங்கே போனது?

நாய்த் தீனி மூட்டை கனமானது. அதை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கச் செலவு அதிகம். ஆனால் வாடிக்கைக்காரர்களைப் பிடிக்க வேண்டும் என்று, வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றார்கள். தொடங்கிய சில மாதங்களில் விற்பனை சுமார் 6 லட்சம் டாலர். அதே மாதங்களில் விளம்பரச் செலவு ஒரு கோடி டாலருக்கு மேல்! "நிறைய விற்றால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்பினார்கள். ஒரு மூட்டைக்கு நஷ்டம் என்றால், நூறு மூட்டைக்கு நூறு மடங்கு நஷ்டம் என்ற கணக்கு பெரிய படிப்புப் படித்தவர்கள் கண்ணில் படவில்லை.

"வெப்வான்" என்று இன்னொரு கம்பெனி. மளிகைச் சாமான்களை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கம்பெனி. ஊர் ஊராகப் பெரிய பெரிய கிடங்குகள் கட்ட, 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் அதுவும் மூடப்பட்டது. 2,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள்.

பிழைத்த கம்பெனி

அந்தச் சூறாவளியில் பிழைத்த கம்பெனியும் உண்டு. அதன் பெயர் இன்று எல்லோருக்கும் தெரியும். அமேசான்.

ஜெப் பெசோஸ் என்பவர் 1994-ல் வீட்டுக் கார் கொட்டகையில் தொடங்கிய புத்தகக் கடை அது. 1999 டிசம்பரில் அதன் ஒரு பங்கு 100 டாலருக்கு மேல் விற்றது. 2001-ல் 6 டாலருக்கு வந்துவிட்டது. "இதுவும் முடிந்தது" என்றே பலர் எழுதினார்கள்.

ஆனால் முடியவில்லை. என்ன காரணம்?

2000 மார்ச் 10-ந் தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை உச்சியைத் தொட்டது. பிறகு சரியத் தொடங்கியது. சரிவுக்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரியில், அமேசான் கம்பெனி ஐரோப்பாவில் கடன் பத்திரங்களை விற்று 69 கோடி யூரோ திரட்டி வைத்திருந்தது. சந்தை விழுந்த பிறகு கேட்டிருந்தால் ஒரு காசு கிடைத்திருக்காது. இதை அதிர்ஷ்டம் என்பவர்களும் உண்டு. அதிர்ஷ்டமாகவே இருக்கட்டும். பணம் கையில் இருந்தது.

இரண்டாவது காரணம், பணம் வரும் வழி. புத்தகம் வாங்குகிறவர் ஆர்டர் கொடுக்கும்போதே பணம் கட்டிவிடுவார். புத்தகக் கம்பெனிக்கு அமேசான் பல வாரம் கழித்துத்தான் பணம் கொடுக்கும். இடையில் உள்ள நாட்களில் அடுத்தவர் பணத்தில் வியாபாரம் நடந்தது.

அப்படியும் கஷ்டம் வந்தது. 2001 ஜனவரியில் 1,300 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதத்தில்தான் கம்பெனி முதன் முதலாக லாபம் கண்டது. 50 லட்சம் டாலர். பெரிய கம்பெனிக்கு அது சில்லறைக் காசு. ஆனால் உயிர் தங்கிவிட்டது.

கோடிகளில் புரண்டவர்கள் கதை இது. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, செல்போனில் படம் எடுத்துப் போட்டு, சேலையும் சுடிதாரும் மசாலாப் பொடியும் விற்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

இருக்கிறது. மந்த காலத்தில் வியாபாரம் சாவது லாபம் இல்லாததால் மட்டும் அல்ல. லாபம் கணக்கில் இருக்கும். சரக்கு அலமாரியில் இருக்கும். கையில் மட்டும் காசு இருக்காது. 1-ந் தேதி வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்து நிற்கும்போது, அவரிடம் சேலையை எடுத்துக் கொடுக்க முடியுமா?

மந்தம் எப்படி வருகிறது?

ஒருவர் செலவுதான் இன்னொருவர் வருமானம்.

மில்லில் ஒரு ஷிப்டைக் குறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலையாளின் வீட்டில் சம்பளம் குறைகிறது. அந்த வீட்டு அம்மாள் தீபாவளிக்கு மூன்று சேலைக்குப் பதிலாக ஒன்று எடுக்கிறாள். சேலைக் கடைக்காரர் தறிக்காரரிடம் ஆர்டரைக் குறைக்கிறார். தறிக்காரர் மகளுக்கு வாங்க நினைத்த சைக்கிளைத் தள்ளிப் போடுகிறார். சைக்கிள் கடைக்காரர் தன் கடைப் பையனை நிறுத்துகிறார். சங்கிலி இப்படியே நீள்கிறது.

சங்கிலி கடல் தாண்டியும் வரும். 2008 செப்டம்பர் 15-ந் தேதி அமெரிக்காவில் "லேமன் பிரதர்ஸ்" என்ற பெரிய நிதி நிறுவனம் திவால் ஆனது. அதன் சூடு திருப்பூர் பனியன் கம்பெனிகள் வரை வந்து, வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது.

2020-ல் வந்தது இதைவிடப் பெரியது. கொரோனா நோய் பரவியதால் மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அறிவிப்பு வந்தது முதல் நாள் இரவு 8 மணிக்கு. சித்திரை, வைகாசிக் கல்யாணங்களுக்காக வியாபாரிகள் சரக்கு எடுத்து அடுக்கி வைத்திருந்த நேரம். அத்தியாவசியப் பொருளைத் தவிர வேறு எதையும் ஆன்லைன் கம்பெனிகள் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. அரிசி போகலாம். சேலை போகக் கூடாது!

மே 3 வரை 40 நாட்கள் இந்த நிலை. நோய் அதிகம் இருந்த சிவப்பு மண்டலங்களில் இன்னும் நீண்டது. அந்த ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்திய ஆண்டின் அதே மாதங்களைவிட 23.9 சதவீதம் சுருங்கியது என்று முதலில் கணக்கு வெளியாயிற்று. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு! அடுத்த மூன்று மாதத்திலும் சுருக்கமே தொடர்ந்தது.

ஆகவே மந்தம் இரண்டு விதமாக வரலாம். மெல்ல மெல்ல வரலாம். இரவு 8 மணிக்கும் வரலாம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

சேலம் மாவட்டத்தில் இளம்பிள்ளை என்று ஓர் ஊர். சேலைக்குப் பெயர் போன ஊர். அந்த வட்டாரத்தில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்லப்படும் குடும்பம் இது. எண்களும் அப்படியே. ஆனால் இந்தத் தொழிலில் உள்ளவர்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தால், கதை பெரிதாக மாறாது. (வரி தனி. கணக்கு எளிதாக இருப்பதற்காக அது இங்கே சேர்க்கப்படவில்லை.)

தறிக்காரரிடம் ஒரு சேலை 600 ரூபாய். விற்பது 1,000 ரூபாய். கூரியருக்கு 80. பை, அட்டைக்கு 20. விளம்பரத்துக்கு, ஓர் ஆர்டர் பிடிக்க 100. போக மீதி 200 ரூபாய்.

"அடடா! ஒரு சேலைக்கு 200 ரூபாயா?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஆச்சரியப்படலாம். அவசரப்பட வேண்டாம்.

பொருள் வந்ததும் பணம் தருகிறேன் என்று ஆர்டர் கொடுப்பவர்கள் பலர். அவர்களில் சிலர் பார்சல் வாசலுக்கு வரும்போது "வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். சிலர் கதவையே திறக்க மாட்டார்கள். செல்போனை அணைத்து வைத்துவிடுவார்கள். பார்சல் திரும்பி வரும். போன கூலி 80, திரும்பி வந்த கூலி 80, பை 20, விளம்பரம் 100. ஆக, திரும்பி வந்த ஒவ்வொரு பார்சலுக்கும் 280 ரூபாய் தண்டம். சேலை கசங்கி வந்தால் அது வேறு.

பத்து பார்சலில் இரண்டு திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுச் சேலையில் லாபம் 1,600 ரூபாய். இரண்டில் நஷ்டம் 560. மீதி 1,040.

ஆக, பத்து ஆர்டருக்கு 1,040 ரூபாய். மாதம் 350 ஆர்டர் வந்தால் 36,400 ரூபாய்.

இனி செலவு. குடும்பச் சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு 15,000. சரக்கு வைக்கும் அறை வாடகை 3,000. பார்சல் கட்ட ஒரு பெண் வேலைக்கு வருகிறாள், அவளுக்கு 8,000. போன், இன்டர்நெட் 1,000. கடன் தவணை 6,000. மொத்தம் 33,000. மாதம் 3,400 ரூபாய் மிச்சம். வண்டி ஓடுகிறது.

மந்தம் வருகிறது. ஆர்டர் 350-ல் இருந்து 250 ஆகிறது. வரவு 26,000. செலவு அதே 33,000. மாதம் 7,000 ரூபாய் பள்ளம்.

இப்போது என்ன செய்வார்கள்? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது ஒன்றுதான்.

"தள்ளுபடி!" என்ற பள்ளம்

"1,000 ரூபாய்ச் சேலை 900 ரூபாய்! மூன்று நாள் மட்டும்!" என்று படம் போடுவார்கள்.

பத்தில் ஒரு பங்குதானே குறைத்தோம் என்று தோன்றும். ஆனால் குறைந்தது லாபத்தில் பாதி. இப்போது ஒரு சேலைக்கு லாபம் 100 ரூபாய். எட்டுச் சேலைக்கு 800. திரும்பி வந்த இரண்டுக்கு நஷ்டம் அதே 560. பத்து ஆர்டருக்கு மிஞ்சுவது 240 ரூபாய்!

33,000 ரூபாய் செலவைச் சரிக்கட்ட, பழைய விலையில் மாதம் 318 ஆர்டர் போதும். புது விலையில் 1,375 ஆர்டர் வேண்டும். நாலு மடங்குக்கும் மேல். நல்ல காலத்திலேயே 350 ஆர்டர் வந்த வீட்டில், மந்த காலத்தில் 1,375 ஆர்டருக்கு எங்கே போவது? பொம்மை நாய்க் கம்பெனி விழுந்த பள்ளம் இதுதான்.

விலையைத் தொடாமல் வேறு வழி உண்டா? உண்டு. செல்போனை எடுக்க வேண்டும்.

பார்சலைக் கட்டுமுன் ஆர்டர் கொடுத்தவருக்கு ஒரு போன். "அம்மா, நீலக் கலர் சேலை ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். நாளைக்கு அனுப்புகிறோம். வீட்டில் இருப்பீர்களா?" அவ்வளவுதான். வேண்டாம் என்பவர் அப்போதே சொல்லிவிடுவார். போனை எடுக்காதவருக்குப் பார்சல் அனுப்ப வேண்டியதில்லை.

திரும்பி வரும் இரண்டில் ஒன்றை இப்படி முன்பே நிறுத்திவிட்டால், அந்த ஒன்றில் விளம்பரச் செலவு 100 மட்டும் நஷ்டம். கணக்கு இப்படி ஆகிறது: லாபம் 1,600. திரும்பி வந்த ஒன்றுக்கு 280, நிறுத்திய ஒன்றுக்கு 100 போனால், மீதி 1,220. பத்து ஆர்டருக்கு 1,040 கிடைத்த இடத்தில் 1,220. ஆர்டர் 250-ஆகக் குறைந்த மாதத்தில் வரவு 26,000 அல்ல; 30,500. ஒரு சேலை கூட அதிகம் விற்கவில்லை. பள்ளம் 7,000-ல் இருந்து 2,500 ஆகிவிட்டது.

முன்பணமாக 100 ரூபாய் அனுப்பச் சொல்லுவதும் நல்ல வழி. 100 ரூபாய் கட்டியவர் பார்சலைத் திருப்புவது அரிது. "முழுப் பணமும் முன்னால் கட்டினால் 30 ரூபாய் குறைவு" என்றும் சொல்லலாம். அந்த 30 ரூபாய்த் தள்ளுபடி 280 ரூபாய்த் தண்டத்தைத் தடுக்கிறது.

எத்தனை நாள் தாங்கும்?

இந்தக் குடும்பத்தின் பாங்குக் கணக்கில் 50,000 ரூபாய் இருக்கிறது. 2020 மார்ச்சில் நடந்ததுபோல நாளைக்கே விற்பனை முழுவதும் நின்றுவிட்டால், எத்தனை நாள் தாங்கும்?

மாதச் செலவு 33,000. அப்படியானால் 45 நாள் என்று கணவன் சொல்லுவான்.

மனைவி நோட்டைப் புரட்டுகிறாள். "தறிக்காரருக்கு 20,000 பாக்கி இருக்கிறதே?"

இருக்கிறது. அது போனால் கையில் உள்ளது 30,000. அதாவது 27 நாள்! 40 நாள் ஊரடங்கைக் கூட இந்தக் குடும்பத்தால் தாண்ட முடியாது. 28-ம் நாள் நகை அடகுக் கடைக்குப் போகும். அதன் பிறகு செல்போனில் "ஐந்து நிமிடத்தில் கடன்" என்று வரும் விளம்பரம் கண்ணை இழுக்கும். அல்லது தினவட்டிக்காரர் வருவார். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டே சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கந்து வட்டி ஒழியவில்லை.

இத்தனைக்கும் அதே வீட்டு அலமாரியில் 300 சேலை இருக்கிறது. கொள்முதல் விலையில் 1,80,000 ரூபாய்! பணம் சேலையாக மாறி, மடித்து அடுக்கப்பட்டுக் கிடக்கிறது.

அந்த 300 சேலையையும் தரையில் பரப்ப வேண்டும். ஒவ்வொன்றும் வந்த தேதியைப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் விற்றுப்போகும் ரகங்கள் ஒரு பக்கம். மூன்று மாதமாக யாரும் கேட்காத ரகங்கள் மறு பக்கம். அப்படி 100 சேலை தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 60,000 ரூபாய் முடங்கிக் கிடக்கிறது.

இந்த 100 சேலைக்குத்தான் தள்ளுபடி. அதுவும் ஆன்லைனில் வேண்டாம். கூரியரும் திருப்பலும் அங்கே தின்றுவிடும். உள்ளூர்ச் சந்தையிலோ, தவணைக்குத் துணி விற்பவரிடமோ, தெரிந்த கடையிலோ மொத்தமாக 500 ரூபாய்க்குக் கொடுத்துவிடலாம். ஒரு சேலைக்கு 100 ரூபாய் நஷ்டம். மொத்தம் 10,000 நஷ்டம். மனம் கேட்காதுதான். அந்தச் சேலைகளைத் தேர்ந்தெடுத்தவளுக்கு அது தோல்வி மாதிரி இருக்கும்.

ஆனால் 50,000 ரூபாய் ரொக்கம் கைக்கு வருகிறது. 30,000-மும் 50,000-மும் சேர்ந்தால் 80,000. இப்போது 72 நாள் தாங்கும்! மூன்று மாதச் செலவு, அதாவது சுமார் ஒரு லட்சம், கையில் இருந்தால் நிம்மதி. விற்பனை நன்றாக நடக்கும் மாதங்களில் மிஞ்சும் 3,400 ரூபாயைப் புதுச் சேலையில் போடாமல் தனிக் கணக்கில் போட்டு வந்தால், ஆறே மாதத்தில் அந்த இடத்துக்கு வந்துவிடலாம்.

தனிக் கணக்கு என்பது முக்கியம். பல வீடுகளில் வியாபாரப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கிடக்கின்றன. காலையில் சேலை விற்ற பணம் வரும். மாலையில் காஸ் சிலிண்டருக்குப் போகும். எது லாபம், எது முதல் என்று யாருக்கும் தெரியாது. வியாபாரத்தில் இருந்து வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று சம்பளம் மாதிரி எடுத்துக்கொண்டால், முதலைத் தின்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

வேலைக்கு வரும் பெண்

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் கண் அவள் பக்கம்தான் போகும். 8,000 ரூபாய்!

கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். எந்த ஊர் வாடிக்கைக்காரர் பார்சலைத் திருப்புவார் என்பது அவளுக்குத் தெரியும். எந்தச் சேலையின் சாயம் போகிறது என்பதும் தெரியும். மேலே சொன்ன போன் வேலையை அவளே செய்யலாம். மாதம் 4,500 ரூபாய் அதில் மிஞ்சுகிறது. அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடுகிறது. விளம்பரத்துக்கோ 250 ஆர்டருக்கு 25,000 ரூபாய் போகிறது. முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

விளம்பரச் செலவு ஏன் அவ்வளவு? ஒவ்வொரு தடவையும் புது ஆளைத் தேடுவதால். ஏற்கனவே வாங்கியவர் மறுபடி வாங்கினால் விளம்பரச் செலவே கிடையாது. அந்த ஆர்டரில் லாபம் 200 அல்ல, 300. ஆகவே, வாங்கியவர் பெயர், ஊர், போன் நம்பர், எடுத்த கலர் எல்லாம் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். "புதுச் சேலை வந்தால் சொல்லட்டுமா?" என்று சம்மதம் கேட்டு எழுதிக்கொள்வது மரியாதை.

நோட்டு என்றால் காகித நோட்டு. ஏன்? 2020 ஜூன் 29-ந் தேதி மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. டிக்டாக்கில் லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்களுக்கு அத்தனை பேரும் மாயமாய் மறைந்தார்கள். 2021 அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுவிட்டன. வாட்ஸ்அப்பிலேயே கடை நடத்தியவர்கள் அன்று இரவு கடையைச் சாத்தியது போலத்தான். ஒரே செயலியில், ஒரே கம்பெனியின் தளத்தில் முழு வியாபாரத்தையும் வைப்பது, மற்றவர் மனையில் வீடு கட்டுவது மாதிரி.

கடன் எப்போது கேட்பது?

தேவைப்படாத போது!

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் பாங்கு மானேஜர் பார்ப்பது கடந்த மாதங்களின் கணக்கு. விற்பனை நன்றாக இருக்கும்போது போனால் கணக்கு பேசும். விழுந்த பிறகு போனால் எவ்வளவு கெஞ்சினாலும் பயன் இருக்காது. அமேசான் செய்ததும் இதுதான். பிப்ரவரியில் கேட்டது, மார்ச்சில் அல்ல.

சிறு தொழிலுக்கு 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா கடன் திட்டம் இருக்கிறது. அதன் முதல் படி 50,000 ரூபாய் வரை. 2020 ஜூலை 1-ந் தேதியில் இருந்து உத்யம் என்ற பதிவு முறையும் வந்திருக்கிறது. அரசு இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் ஏமாற வேண்டாம்.

சொந்தமாக நெய்தோ, தைத்தோ பெரிய கடைகளுக்குச் சரக்குக் கொடுப்பவர்களுக்கு இந்தப் பதிவால் இன்னொரு பலன் உண்டு. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் வட்டியும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த உரிமை கிடையாது.

தவணை தள்ளிப்போனால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. 2020 மார்ச் 27-ந் தேதி ரிசர்வ் பாங்கு, கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க அனுமதித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை அது நீடித்தது. தவணை நின்றது. வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி மட்டும், 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, பிறகு அரசே கொடுத்தது. பாங்குக்காரர் "தள்ளி வைக்கலாம்" என்றால், "மொத்தம் எவ்வளவு கூடும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஆடி மாதத்து ஆர்டர்

சேலை வியாபாரத்தில் பெரிய ஆபத்து தீபாவளிக்கு முன்பு வருகிறது. ஆடி, ஆவணியிலேயே சரக்கு எடுத்து வைப்பார்கள். போன வருடம் 300 சேலை விற்றது. இந்த வருடம் 400 எடுப்போம் என்று தோன்றும். 2,40,000 ரூபாய்! மந்தம் எட்டிப் பார்க்கும் ஆண்டில் இது சூதாட்டம்.

100 சேலை எடுக்கலாம். 60,000 ரூபாய். அதிலும் 1,500, 2,000 ரூபாய் ரகங்களைக் குறைத்து, 600, 700 ரூபாய்க்கு விற்கக்கூடிய ரகங்களைக் கூட்டலாம். கஷ்ட காலத்தில் ஜனங்கள் பண்டிகையை நிறுத்துவதில்லை. விலை குறைந்த சேலைக்கு இறங்குகிறார்கள். அந்த 100 சேலை விற்ற பணத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை அடுத்த 100 எடுக்கலாம். எந்தக் கலர் ஓடுகிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

தறிக்காரருக்குப் பணத்தை இழுத்தடித்து, அவர் காசில் வியாபாரம் செய்யலாமே என்று சிலர் நினைப்பார்கள். அமேசான் அப்படித்தானே செய்தது? அங்கே காத்திருந்தது புத்தகக் கம்பெனி. இங்கே காத்திருப்பது நாலு தறி வைத்திருக்கும் குடும்பம். நூல்காரருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் பணம் வராவிட்டால் அவர் தறி நின்றுவிடும். அப்புறம் சேலைக்கு எங்கே போவது?

ஆகவே ஆடி பிறக்குமுன் அவர் வீட்டுக்குப் போய், பழைய பாக்கி 20,000-ஐ முதலில் கொடுத்துவிட வேண்டும். பிறகு, "இந்த வருடம் நூறு நூறாக எடுக்கிறோம் அண்ணா. கலரை அப்போதப்போது சொல்கிறோம்" என்று பேச வேண்டும். சிறு சிறு ஆர்டர் என்றால் அவர் முகம் சுளிப்பார். பாவு மாற்றுவது அவருக்குத் தொல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்.

"ரொக்கமா, கடனா?"

ரொக்கம் என்று சொல்லும் நிலையில் இருந்தால், சேலைக்கு இருபது ரூபாய் குறைத்துக் கேட்கலாம். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்.